லெந்து என்றொரு வசந்தம்

இங்கிலாந்தின் சிறு நகரங்களில் மார்ச் கடைசியிலிருந்து மே வரை ஒரு வகைக் கச்சேரி தவறாமல் நடக்கிறது. அதை நடத்துவது ஊர்ச் சேர்ந்திசைக் குழு. பாடுகிறவர்களுக்கு இசை பிழைப்பு அல்ல. பள்ளி ஆசிரியர், செவிலியர், கடைக்காரர், ஓய்வு பெற்றவர் என்று பகலில் வேறு வாழ்க்கை உள்ளவர்கள். வாரம் ஒரு மாலை தேவாலயக் கூடத்திலோ பள்ளி மண்டபத்திலோ கூடிப் பழகுவார்கள். வசந்தம் பிறந்ததும் அதை வரவேற்று ஒரு நிகழ்ச்சி. 13ஆம் நூற்றாண்டு முதல் 20ஆம் நூற்றாண்டு வரை அந்தப் பருவத்தைப் பற்றி எழுந்த பாட்டுகளைக் காலவரிசையில் அடுக்கிப் பாடுவது இவர்களுக்குப் பிடித்த வடிவம்.

இந்த நிரலை இசைக்காகக் கேட்பவர்கள்தான் மிகுதி. சொல்லின் மேல் ஆசை உள்ளவர்களுக்கு அதில் இன்னொரு விருந்தும் உண்டு. பாடப்படும் பருவத்துக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயர் ஸ்பிரிங். ஆனால் நிரலின் முதல் பாட்டில் அந்தப் பெயர் இல்லை. அந்தப் பாட்டை எழுதிய காலத்தில் ஆங்கிலேயர் யாரும் அந்தப் பருவத்தை ஸ்பிரிங் என்று அழைக்கவில்லை. வேறு இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று அடுத்த பருவத்தோடு ஒதுங்கிவிட்டது. மற்றொன்று தேவாலயத்துக்குள் போய் நோன்பின் பெயராக மாறிவிட்டது. பேச்சு கைவிட்ட பெயர்களைப் பாட்டு விடாமல் வைத்திருக்கிறது என்பதற்கு இந்தப் பருவத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் பாட்டு ‘சுமர் இஸ் இக்குமன் இன்’. லண்டனுக்கு மேற்கே உள்ள ரெடிங் நகரத்தில் முதலாம் ஹென்றி மன்னன் 1121இல் நிறுவிய மடாலயத்தோடு தொடர்புடைய ஓர் ஏட்டில் அது இருக்கிறது. காலம் 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. ஏடு இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில், ஹார்லி 978 என்ற எண்ணில். ஒரே மெட்டை நால்வர் ஒருவர் பின் ஒருவராக எடுத்துப் பாட வேண்டும். கீழே இருவர் ஒரு சிறு அடியை ஓயாமல் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். ஆறு குரல். அதற்கு முந்திய ஆறு குரல் பாட்டு எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. எப்படிப் பாடுவது என்ற விதியும் அதே பக்கத்தில் லத்தீனில் எழுதியிருக்கிறது: முதலாமவர் சிலுவைக் குறியை எட்டும்போது அடுத்தவர் தொடங்கட்டும், நான்கு தோழர்கள் பாடலாம், ஆள் குறைந்தால் மூவர், மிகக் குறைந்தால் இருவர், கீழடி பாடுகிறவர்கள் நீங்கலாக. 700 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் புதிதாகச் சேர்ந்த பாடகர் ஒருவர் அந்த விதியைப் படித்த மாத்திரத்தில் பாடத் தொடங்கிவிட முடியும். ஊர்க்குழுக்கள் இதை விரும்பித் தொடக்கத்தில் வைப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

பாட்டில் வருவன கக்கூ பறவையின் கூவல், பூத்த புல்வெளி, குட்டியைத் தேடும் தாயாடு, கன்றைத் தேடும் பசு. கக்கூ இங்கிலாந்தில் பிறந்து, குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு, ஏப்ரலில் திரும்பி வருவது. நம் குயிலும் அதுவும் வேறு வேறு பறவைகள். ஒரே குடும்பம், இரண்டும் பிற பறவையின் கூட்டில் முட்டையிடுபவை. ஏப்ரலில் கூவும் பறவையும் புதிதாய்ப் பிறந்த ஆட்டுக்குட்டியும் இருக்கும் பாட்டு வசந்தத்தைத்தான் பாடுகிறது. ஆனால் பருவத்தின் பெயராக அதில் வருவது ‘சுமர்’. இன்றைய ‘சம்மர்’ என்ற சொல்லின் பழைய வடிவம். கோடை என்று பெயர்த்துவிட்டால் பறவையும் பூவும் பொருந்தாமல் போய்விடும்.

இந்தப் பொருத்தமின்மையைத் தீர்த்து வைப்பவர் பீட் என்ற துறவி. வட இங்கிலாந்தில் ஜாரோ மடாலயத்தில் வாழ்ந்தவர். 725இல் காலக்கணக்கைப் பற்றி லத்தீனில் எழுதிய நூலில், தம் முன்னோர் ஆண்டை இரண்டாக மட்டுமே பிரித்தார்கள் என்கிறார். இரவைவிடப் பகல் நீண்டிருக்கும் ஆறு மாதம் சுமர். மற்ற ஆறு மாதம் விண்டர். அப்படியானால் மார்ச் கடைசியில் பகலும் இரவும் சமமாகி, பகல் ஒரு படி கூடியதுமே சுமர் தொடங்கிவிடும். கக்கூ வரும் ஏப்ரல் சுமரின் முதல் மாதமே. ஐஸ்லாந்தில் இந்த இரண்டு பருவக் கணக்கு இன்னும் சாகவில்லை. ஏப்ரல் 18க்குப் பின் வரும் முதல் வியாழக்கிழமை அங்கே ‘சம்மரின் முதல் நாள்’. நாடு முழுதும் விடுமுறை. பனி தூறினாலும் அன்று ஊர்வலம் போகிறார்கள்.

இதற்கு மாறான சாட்சியும் உண்டு. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98 வாக்கில் ஜெர்மானிய மக்களைப் பற்றி எழுதியபோது, குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும் கோடைக்கும் அவர்களிடம் பெயர் இருக்கிறது, இலையுதிர்காலத்துக்கு மட்டும் பெயரும் இல்லை, அதன் விளைபொருளும் இல்லை என்றார். ஒருவர் மூன்று என்கிறார், ஒருவர் இரண்டு என்கிறார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். நாட்காட்டிக்குக் கணக்கு இரண்டு. வயலில் நிற்பவனுக்கு நடுவில் இன்னொன்று தேவைப்பட்டிருக்கும். அந்த நடுப்பெயர் எது என்பதற்குச் சற்றுப் பின்னால் வருகிறேன்.

சுமர் என்ற பெயர் எவ்வளவு முன்னால் நீண்டது என்பதற்கு ஆங்கிலக் கவிஞர் சாஸர் ஓர் அழகான எடுத்துக்காட்டு தருகிறார். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் எழுதிய ‘பறவைகளின் பாராளுமன்றம்’ என்ற கவிதையில், வாலண்டைன் நாளன்று பறவைகள் கூடித் துணை தேர்ந்துகொள்கின்றன. கலையும் முன் எல்லாம் சேர்ந்து ஒரு வரவேற்புப் பாட்டுப் பாடுகின்றன. அவை வரவேற்பது சுமரை. வாலண்டைன் நாள் பிப்ரவரி 14. உறைபனிக் காலத்தில் பறவைகள் கூடிக் கோடையை வரவேற்பதாகப் படிக்கும் மாணவர்கள் திகைக்கிறார்கள். குளிரின் முதுகு முறிந்த நாள் தொட்டே அந்தப் பெயரின் எல்லை தொடங்கிவிட்டது என்று கொண்டால் கவிதை தெளிவாகிவிடும்.

இனி நடுப்பெயர். பழைய ஆங்கிலத்தில் அது ‘லெங்க்டென்’. பின்னால் ‘லெந்தன்’ ஆகி, மேலும் தேய்ந்து ‘லெந்து’ ஆனது. முதற்பகுதியில் ‘நீண்ட’ என்ற பொருளுள்ள சொல் இருக்கிறது. இன்றைய ஆங்கில ‘லாங்’ அதன் உறவு. இரண்டாம் பகுதியைப் பகல் என்று கொள்கிறார்கள் மொழிநூலார் பலர். வடமொழி ‘தின’ என்பதோடு உறவுடைய பழஞ்சொல் அது. நாம் அங்கிருந்து எடுத்துக்கொண்ட ‘தினம்’ என்ற சொல்லுக்கு மிகத் தொலைவான உடன்பிறப்பு. நீள்பகல் என்பதே லெந்து என்ற பெயரின் பொருள்.

சென்னையில் இருந்துகொண்டு இந்தப் பெயரின் நியாயத்தை உணர்வது கடினம். இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரம்தான். லண்டனில் டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. ஜூனில் பதினாறரை மணி நேரத்துக்கு மேல். மார்ச் மாதத்தில் ஒவ்வொரு நாளும் பகல் ஏறத்தாழ நான்கு நிமிடம் கூடுகிறது. ஒரு வாரத்தில் அரை மணி நேரம். பூவும் பறவையும் வருவதற்கு முன்பே, மாலை வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும். வட ஐரோப்பிய உழவர்கள் வசந்தத்தின் முதல் அடையாளமாகக் கண்டது அதை. பெயரும் அதிலிருந்து பிறந்தது. டச்சு மொழியில் ‘லெந்தெ’ என்றால் இன்றும் வசந்தம்தான். ஜெர்மனில் ‘லென்ஸ்’ என்று கவிதையில் வழங்குகிறது.

ஆங்கிலத்தில் மட்டும் அந்தச் சொல்லின் போக்கு மாறியது. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பு இதே பருவத்தில் வருவதால், அதை லெங்க்டென் நோன்பு, அதாவது வசந்த நோன்பு என்றார்கள். காலப்போக்கில் ‘நோன்பு’ என்ற சொல் உதிர்ந்து, அடைமொழி மட்டுமே நோன்பைக் குறிக்கலானது. மற்ற ஐரோப்பிய மொழிகளில் இப்படி நேரவில்லை. லத்தீனில் குவாட்ராஜெஸிமா, இத்தாலியனில் குவாரெஸிமா, பிரெஞ்சில் கரேம். எல்லாம் நாற்பது என்ற எண்ணிலிருந்து வந்தவை. ஆங்கிலம் எண்ணை எடுக்காமல் பருவத்தின் பெயரையே நோன்புக்குக் கொடுத்துவிட்டது. ஈஸ்டர் என்ற பெயரும் அவ்வாறே. ஏப்ரலுக்கு ஆங்கிலேயரின் முன்னோர் ‘ஈயோஸ்டர் மாதம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள் என்றும், அது ஒரு பெண் தெய்வத்தின் பெயர் என்றும் எழுதியவர் அதே பீட். விடியலையும் கிழக்கையும் குறிக்கும் வேர் அதில் இருக்கிறது. நீளும் பகலும் விடியும் கிழக்கும் ஆகிய இரண்டு பழைய வசந்தச் சொற்கள் கிறிஸ்தவத் திருநாட்களின் பெயராக உயிர் வாழ்கின்றன.

தமிழுக்கும் இங்கே ஒரு நேரடித் தொடர்பு உண்டு. கத்தோலிக்கர் அந்த நோன்பைத் தவக்காலம் என்பார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் ‘லெந்து காலம்’ என்பதே வழக்கு. லெந்து நாட்கள், லெந்து கூட்டங்கள் என்று அறிவிப்பு வாசிப்பார்கள். மாசி, பங்குனி வெயிலில் திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் ஒலிக்கும் அந்தச் சொல், வடகடல் ஓரத்தில் இருட்டுக் குறைவதைப் பார்த்து மகிழ்ந்த உழவர்களின் வசந்தப் பெயர். இதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் தீரவில்லை.

பருவத்தின் பெயராக லெந்தன் வாழ்ந்த கடைசிக் காலத்துக்கு ஒரு பாட்டு சாட்சி. வேல்ஸ் எல்லையோரம் லட்லோ ஊரைச் சேர்ந்த ஓர் எழுத்தர் 1340 வாக்கில் எழுதிய ஏட்டில், லெந்தன் காதலோடு ஊருக்குள் வந்துவிட்டதைச் சொல்லும் பாட்டு இருக்கிறது. பூ, பறவை, காதல், காதலியின் பாராமுகம். நோன்பின் சாயலே இல்லை. அதுவும் பிரிட்டிஷ் நூலகத்தில், அதே ஹார்லி தொகுப்பில், 2253 என்ற எண்ணில். சுமர் பாட்டின் ஏட்டில் மெட்டு இருக்கிறது, விதி இருக்கிறது. லட்லோ ஏட்டில் சொல் மட்டும்தான். என்ன மெட்டில் பாடினார்கள் என்பது மறைந்துவிட்டது. பாடல்களுக்கு நடுவே பழங்கவிதைகளை வாசிக்கும் வழக்கம் இந்தக் கச்சேரிகளில் உண்டு. நிரல் அமைப்பவர்கள் இந்தப் பாட்டை அப்படியாவது சேர்க்க வேண்டும். ஒரு பெயர் கைமாறிய இடத்தை இதைவிடத் தெளிவாக வேறு எதுவும் காட்டாது.

லெந்து நோன்புக்குப் போனபின் பருவம் பெயரில்லாமல் நின்றது. கற்றோர் லத்தீனிலிருந்து ‘வேர்’ என்று எடுத்துப் பார்த்தார்கள். பிரெஞ்சிலிருந்து ‘பிரைம் டெம்ப்ஸ்’ என்றும் சிலர் எழுதினார்கள். இரண்டும் ஆங்கில மண்ணில் ஊன்றவில்லை. ஆனாலும் லத்தீன் வேர் என்ற அந்தச் சொல்லின் குடும்பத்தைச் சொல்லாமல் கடக்க மனமில்லை, ஏனென்றால் அது நம் வீட்டிலும் இருக்கிறது. லத்தீனில் வேர், கிரேக்கத்தில் எயர், ரஷ்ய மொழியில் வெஸ்னா, ஸ்வீடிஷில் வோர், வடமொழியில் வஸந்த. எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள். லித்துவேனிய மொழியில் அதே சொல் ‘வாஸரா’ என்று கோடையைக் குறிக்கிறது. சுமருக்கு நேர்ந்த அதே எல்லை மயக்கம். பாரசீக ‘பஹார்’ அந்த வம்சமே. இந்துஸ்தானி இசையில் பசந்த் என்று ஒரு ராகமும் பஹார் என்று ஒரு ராகமும் இருக்க, இரண்டும் கலந்து பசந்த் பஹார் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. ஒரே சொல் இந்தியா வழியாகவும் ஈரான் வழியாகவும் வந்து ஒரு ராகத்தின் பெயரில் சேர்ந்து நிற்கிறது. வஸந்த என்ற சொல் ரிக் வேதத்திலேயே வருகிறது: அதன் புருஷ சூக்தம் வேள்வியை வருணிக்கும் இடத்தில் வசந்தத்தை நெய்யாகவும் கோடையை விறகாகவும் சரத் காலத்தைப் படையலாகவும் சொல்கிறது.

அந்த ‘வஸந்த’ என்ற சொல்லையே நாம் வசந்தம் என்று எடுத்துக்கொண்டோம். மதுரையில் திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய புது மண்டபம் வசந்த விழாவுக்காக எழுந்தது. வைகாசி வெயிலில் சுவாமி குளிர்ச்சியாக வீற்றிருக்கும் இடம். தமிழின் சொந்தப் பெயர் இளவேனில். வேனில் என்பது வெயில், வெம்மை ஆகியவற்றோடு உறவுடையது. வெம்மையின் இளமை என்று பருவத்துக்குப் பெயர் வைத்த மக்களிடம், குளிர் நாட்டு மொழிகளோடு உறவுடைய பெயர் வந்து சேர்ந்து, இரண்டும் ஒரே பருவத்தைக் குறிக்கின்றன. வேனில் என்ற ஒரு சொல் இளமையும் முதுமையும் பெற்று இரண்டு பருவத்துக்கும் நிற்பதைப் பார்த்தால், சுமர் ஏன் வசந்தத்தையும் தழுவியது என்பது நமக்கு எளிதில் புரிந்துவிடும்.

ஆங்கிலேயர் கடைசியில் வெளியே தேடுவதை விட்டுத் தங்கள் வினைச்சொல் ஒன்றைப் பிடித்தார்கள். ஸ்பிரிங் என்றால் துள்ளு, பீறிடு, முளைத்தெழு. நிலத்திலிருந்து பீறிடும் ஊற்றுக்கு அந்தப் பெயர் பழைய காலம் முதலே உண்டு. பொழுது புலர்வதையும் பகலின் ஸ்பிரிங் என்றார்கள். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ‘ஸ்பிரிங்கிங் டைம்’, துளிர்க்கும் காலம், என்று எழுதத் தொடங்கினார்கள். பிறகு ‘இலையின் ஸ்பிரிங்’, ‘ஆண்டின் ஸ்பிரிங்’. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் எல்லா அடையும் உதிர்ந்து ஸ்பிரிங் தனித்து நின்றது. அதே காலத்தில் அதற்கு இணையாக ‘இலையின் ஃபால்’ என்ற தொடரும் எழுந்தது. இலை துளிர்ப்பது ஒன்று, இலை உதிர்வது ஒன்று. பிரிட்டனில் இந்த இணையில் பாதி அழிந்து, பிரெஞ்சு வழி வந்த ‘ஆட்டம்’ என்ற பருவப்பெயர் அந்த இடத்தைப் பிடித்தது. கடல் கடந்து குடியேறியவர்கள் எடுத்துச் சென்ற ஃபால் அமெரிக்காவில் இன்றும் வாழ்கிறது. இலையுதிர்காலம் என்ற தமிழ்ச் சொல்லில் அந்த இணையின் ஒரு பாதி நமக்கும் பழக்கம்.

இந்த வினை எப்போதிருந்தோ காத்திருந்த ஒன்று. ரெடிங் ஏட்டுப் பாட்டில் ஸ்பிரிங் என்ற பெயர் இல்லை என்றேன். பெயராகத்தான் இல்லை, வினையாக அதன் தொடக்க வரிகளிலேயே இருக்கிறது, காடு புதிதாகத் துளிர்ப்பதைச் சொல்லும் இடத்தில். அந்தத் துளிர்ப்பு பருவத்தின் பெயராக உயர இன்னும் ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆயின. ஸ்காட்லாந்தில் ஸ்பிரிங் என்றால் துள்ளலான ஆட்ட மெட்டு என்றும் ஒரு பொருள் உண்டு. சேர்ந்திசையைக் குறிக்கும் கோரஸ், குவயர் ஆகிய சொற்களின் மூலமான கிரேக்கச் சொல் முதலில் வட்ட ஆட்டத்தையே குறித்தது. கேரல் என்பதும் பிரெஞ்சில் கைகோத்து ஆடும் ஆட்டம். பாட்டும் ஆட்டமும் பருவமும் சொல்லளவில் இவ்வளவு நெருங்கிய உறவு.

புதுப்பெயர் பாட்டில் ஏறி அமர்ந்ததை எலிசபெத் காலத்துப் பாடல்களில் பார்க்கலாம். தாமஸ் மோர்லி 1595இல் வெளியிட்ட ஐந்து குரல் பாடல் தொகுதியில் உள்ள ‘நௌ இஸ் த மந்த் ஆஃப் மேயிங்’ இல்லாத வசந்தக் கச்சேரி அரிது. மேயிங் என்றால் மே தினத்தன்று விடியலில் காட்டுக்குப் போய்ப் பூங்கொம்பு கொண்டு வருவது. அவர்கள் பறித்த வெண்பூச்செடிக்கும் மே என்றே பெயர். 1752இல் பிரிட்டன் புதிய நாட்காட்டிக்கு மாறி 11 நாளை விட்டுவிட்டதால், இப்போது மே முதல் தேதியில் அந்தச் செடி பல ஊர்களில் பூத்திருப்பதில்லை. ஆனாலும் ஆக்ஸ்ஃபோர்டில் அன்று காலை ஆறு மணிக்கு மக்டலென் கல்லூரிக் கோபுரத்தின் உச்சியிலிருந்து பாடகர் குழு பாடுவதும், கீழே தெருவில் மக்கள் திரண்டு நின்று கேட்பதும் மாறவில்லை. மோர்லி 1600இல் வெளியிட்ட இன்னொரு தொகுதியில் ‘இட் வாஸ் எ லவர் அண்ட் ஹிஸ் லாஸ்’ இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில் இரண்டு சிறுவர்கள் பாடும் பாட்டும் அதுவே. அதன் பல்லவியில் ஸ்பிரிங் டைம் என்ற பெயர் சுற்றிச் சுற்றி வருகிறது. நோன்பும் இல்லை, கோடையோடு மயக்கமும் இல்லை. பருவத்துக்குத் தனிப்பெயர் வந்தாகிவிட்டது.

மோர்லி 1597இல் எழுதிய இசைப் பாடநூலும் ஊர்க்குழுக்களின் கதைக்கு உரியது. விருந்துக்குப் போன இளைஞன் ஒருவனிடம் உணவுக்குப் பின் பாட்டுப் புத்தகத்தை நீட்டுகிறார்கள். தன் பங்கைப் பாடத் தெரியாமல் அவன் வெட்கப்பட்டு, மறுநாளே ஆசிரியரைத் தேடி வருவதாக நூல் தொடங்குகிறது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு குரல் பாடிய அந்த வழக்கமே இன்றைய ஊர்க்குழுக்களின் மூதாதை.

ஐரோப்பாவின் மற்றப் பெயர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இத்தாலியர் பழைய லத்தீன் ‘வேர்’ என்பதன் முன் ‘முதல்’ என்று சேர்த்துப் பிரிமவேரா என்றார்கள். பெட்ரார்க் எழுதிய கவிதையை மொண்டெவெர்டி 1614இல் தம் ஆறாம் தொகுதியில் ஐந்து குரலுக்கு அமைத்த ‘ஸெஃபிரோ தோர்னா’வில் அந்தப் பெயர் வருகிறது. பிரெஞ்சில் வேர் என்ற ஒலி புழு, பச்சை, கண்ணாடி, செய்யுள் எல்லாவற்றுக்கும் ஒன்றாகிவிட்டது. அத்தனை மயக்கத்தில் ஒரு பருவம் தன் பெயரைக் காப்பாற்றுவது அரிது என்பது என் எண்ணம். முதற்காலம் என்ற பொருளில் பிரான்தாம் என்ற பெயர் நிலைத்தது. குளோத் ல ஜூன் இசையமைத்து, அவர் இறந்தபின் 1603இல் அச்சான ‘ல பிரான்தாம்’ தொகுதி தமிழர் காதுக்கு மிக நெருங்கியது. நெடிலுக்குக் குறிலைப்போல் இரு மடங்கு காலம் என்ற விதிப்படி, சொல்லின் மாத்திரையை அப்படியே தாளமாக்கிய இசை அது. நம் யாப்பு தெரிந்தவர்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

பெயர் மாற்றம் பாட்டுக்கும் நேரும். 1582இல் கிரைஃப்ஸ்வால்டில் அச்சான ‘பியே காந்தியோனேஸ்’ என்ற தொகுதியில், பூக்காலம் வந்துவிட்டதைப் பாடும் லத்தீன் வசந்தப் பாட்டு ஒன்று உண்டு. பின்லாந்தின் பள்ளிச் சிறுவர்கள் பாடியது. அதன் மெட்டை எடுத்து ஜான் மேசன் நீல் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1853இல் ‘குட் கிங் வென்ஸஸ்லஸ்’ எழுதினார். நம் ஊர் கிறிஸ்துமஸ் கேரல் பவனிகளிலும் பாடும் அந்தப் பனிக்காலப் பாட்டு, மெட்டளவில் வசந்தத்துக்குச் சொந்தமானது. 1928இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு கேரல் நூல் அந்த மெட்டை மறுபடி பூக்காலத்துக்கே ஆங்கிலச் சொற்களோடு திருப்பித் தந்தது. இன்று சேர்ந்திசைக் குழுக்கள் ஏப்ரலில் அதைப் பாடத் தொடங்கினால், முதல் இரண்டு அடி வரை கேட்பவர்கள் கிறிஸ்துமஸ் என்றே நினைப்பார்கள்.

இசையமைப்பாளர் ஹைடனின் ‘பருவங்கள்’ என்ற சேர்ந்திசைப் படைப்பு 1801 ஏப்ரல் 24 அன்று வியன்னாவில் அரங்கேறியது. ஜேம்ஸ் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞரின் ஆங்கில நூலைத் தழுவி அதன் சொற்களை ஜெர்மனில் எழுதியவர் வான் ஸ்வீட்டன். வசந்தப் பகுதியில் கிராமத்து மக்கள் குழுவாகப் பருவத்தை அழைக்கிறார்கள். தாம்ஸன் ஸ்பிரிங் என்று விளித்ததை ஜெர்மன் பாட்டு லென்ஸ் என்று விளிக்கிறது. அன்றாடப் பேச்சில் ஜெர்மானியர்களுக்கு ‘முன்னே வருவது’ என்ற பொருளுடைய ஃப்ரூலிங் என்ற பெயர் வந்து நெடுநாளாகியிருந்தது. மெண்டல்ஸோன் 1830களின் இறுதியில் திறந்த வெளியில் பாடுவதற்கென்றே அமைத்த குழுப்பாடல்கள் அந்தப் பெயரில்தான் இருக்கின்றன. ஆனால் பெருமிதத்தோடு அழைக்க வேண்டிய இடத்தில் லென்ஸ்தான் வருகிறது. இருபது வயது என்பதை ஜெர்மனில் இருபது லென்ஸ் என்றும் சொல்வார்கள். நாம் இருபது வசந்தங்கள் என்பதுபோல. ஊர்க்குழு ஹைடனை ஜெர்மனில் பாடும்போது, ஆங்கிலத்தில் நோன்பாகிவிட்ட அதே சொல் வசந்தமாகவே ஒலிக்கிறது. பாடுகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர் பாக்கியவான்.

இத்தனை பெயரும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ‘ஸ்பிரிங் சிம்ஃபனி’. 1949 ஜூலையில் ஆம்ஸ்டர்டாமில் முதன்முதல் பாடப்பட்டது. லெந்தெ இன்னும் வசந்தமாக வழங்கும் நாட்டில். மூன்று தனிப்பாடகர், பெரிய சேர்ந்திசைக் குழு, சிறுவர் குழு, முழு வாத்தியக் குழு. இறுதிப் பகுதியில் லண்டன் மக்கள் மே மாதத்தைக் கொண்டாடும் நாடகப் பகுதியொன்றைப் பெரியவர்கள் வால்ட்ஸ் தாளத்தில் பாடிக்கொண்டிருக்க, மாட்டுக்கொம்பு முழங்க, குறுக்கே சிறுவர்கள் புகுந்து உரத்த குரலில் ரெடிங் ஏட்டுப் பாட்டைப் பாடுகிறார்கள். தலைப்பில் ஸ்பிரிங்; முடிவில் சுமர். காலத்தால் பிரிந்த இரண்டு பெயரும் ஒரே பருவத்துக்கு உரியவை என்பதை எந்த அகராதியைவிடவும் தெளிவாகச் சொல்லிவிட்டார் பிரிட்டன்.

இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் காலம் தொட்டுத் தமிழில் சேர்ந்திசை என்ற சொல்லும் கலையும் பழகிவிட்டன. நம் குழுக்களும் இந்தப் பாடல்களை எடுத்துப் பாடலாம். அறிமுகக் குறிப்பும் தமிழிலேயே எழுதலாம். அப்படி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘சுமர் இஸ் இக்குமன் இன்’ பாட்டைக் கோடையின் வருகை என்று பெயர்க்காதீர்கள். அது இளவேனில்.